வாங்காதவர்களுக்கும் ஒரு ஸ்டூல்!

எங்கள் ஊருக்கு நிஜ ரயில் வருவதற்கு முன்பே பொம்மை ரயில் வந்துவிட்டது!

ஜோக் இல்லை சார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓட ஆரம்பித்தது 1979 ஏப்ரலில்தான். திருநெல்வேலியையும் நாகர்கோவிலையும் தண்டவாளம் சேர்த்தது 1981-ல். அதுவரை நாஞ்சில் நாட்டுக்காரன் ரயிலைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால், திருவனந்தபுரத்துக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் பிடித்து, எழுபது எண்பது கிலோமீட்டர் போய், பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுக்கவேண்டும். அதற்குச் சினிமாவில் பார்ப்பது மலிவு.

(இன்றைக்கு நிலைமையே வேறு. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. நாட்டிலேயே நீண்ட தூர ரயில். காத்திருந்ததற்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டார்கள்!)

ஆனால் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடைகளிலும், சுசீந்திரம் மார்கழித் தேரோட்டக் கடைகளிலும் தகர ரயில் எப்போதோ வந்து இறங்கிவிட்டது. வளைவு வளைவாய் எட்டுத் தகரத் துண்டுகள். ஒன்றில் ஒன்றைச் செருகினால் வட்டத் தண்டவாளம். வயிற்றில் சாவி கொடுத்தால் உள்ளேயிருக்கும் சுருள்வில் இறுகும். விட்டால் அது தளர்ந்து பல்சக்கரத்தைச் சுற்றும். ஏழெட்டுச் சுற்று ஓடிவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடித்த குமாஸ்தா மாதிரி நின்றுவிடும்.

அதற்குப் பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியில் தகரப் படகு. நடுவில் சின்ன எண்ணெய்த் திரி. அதன்மேல் ஒரு குட்டி பாய்லர், பின்பக்கம் இரண்டு குழாய்கள். தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியே வெளியே தள்ளும். ஆவி குளிர்ந்ததும் தண்ணீரை உள்ளே இழுக்கும். இந்தத் தள்ளு முள்ளில் ‘பட்பட்பட்’ என்று படகு ஓடும். நீராவிக்குச் சக்தி உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அந்தப் படகுக்காரர்தான். ஃபீஸ், இரண்டு ரூபாய்.

திருவிழாக் கடை பத்து நாள். மீதி நாளெல்லாம் பையன்கள் எங்கே போவது? அதற்குத்தான் நிரந்தரமாகச் சில கடைகள் இருந்தன. ‘ஹாபி ஷாப்’ என்று எதிலும் போர்டு கிடையாது. அந்த வார்த்தை அப்போது எங்களுக்கும் தெரியாது, கடைக்காரர்களுக்கும் தெரியாது.

ஒன்று, ஸ்டேஷனரிக் கடை. நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் பட்டாணிப் பொட்டலம் மாதிரித் தபால்தலைப் பாக்கெட்டுகள் தொங்கும். ‘மக்யார்’ என்றால் ஹங்கேரி, ‘ஹெல்வெஷியா’ என்றால் சுவிட்சர்லாந்து என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். பூகோள வாத்தியாரையே ஒருமுறை மடக்கியிருக்கிறேன். (உடனே முட்டிபோட வைத்தார். அது வேறு விஷயம்.)

இரண்டு, பெட்டிக்கடையில் விற்ற ஃபிலிம் துண்டுகள். ஃப்யூஸ் போன பல்பின் உள்ளே உள்ளதை நோண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் லென்ஸ் தயார். வெளியே கண்ணாடி வைத்து வெயிலை ஜன்னல் வழியே திருப்பிவிட்டால், இருட்டு அறைச் சுவரில் எம்.ஜி.ஆர்! ஃபிலிமைத் தலைகீழாகச் செருகினால்தான் படம் நேராக விழும். ஒளியியலில் இந்தப் பாடத்தைப் பத்தாம் வகுப்பில் நடத்தினார்கள். நாங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே பாஸ்.

மூன்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த ரேடியோ பார்ட்ஸ் கடை. ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று கோடு போட்ட ரெசிஸ்டர் என்றால் ஆயிரம் ஓம்ஸ் என்று அங்கே மனப்பாடம் செய்ததை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (கல்யாண நாள் தேதியையும் அப்படிச் சொல்ல முடியுமா என்பது வீட்டு அம்மணியின் கேள்வி.) 1984-ல் ஆல் இந்தியா ரேடியோவின் முதல் உள்ளூர் நிலையம் எங்கள் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதைக் கேட்கவேண்டும் என்று அந்தக் கடையில் பார்ட்ஸ் வாங்கி அலைந்த பையன்கள் எத்தனையோ பேர்.

நான்காவதுதான் முக்கியம். வேப்பமூட்டுப் பக்கம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். வளையல், ரிப்பன், பவுடர், பொம்மை எல்லாம் உண்டு. கடைசிக் கண்ணாடி அலமாரியில் ஓர் எலெக்ட்ரிக் ரயில். கப்பலில் வேலை பார்த்த யாரோ கொண்டுவந்து விற்றது. பெட்டியில் ‘ஹார்ன்பி’ என்று போட்டிருக்கும். விலை, வாத்தியார் வேலை பார்த்த என் அப்பாவின் ஒரு மாதச் சம்பளம். வாங்குகிற பேச்சே இல்லை.

நானும் என் கூட்டாளி ஒருத்தனும் தினம் சாயங்காலம் வாசலில் நின்று பார்ப்போம். ஒருநாள் கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டார்.

“லேய், அங்கன நின்னு யாவாரத்த மறைக்காத. உள்ள வந்து இரி.”

அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் இருந்தது. வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். வாங்காத நாங்கள் இருவரும் அந்த ஒரே ஸ்டூலில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருப்போம். வியாபார உலகத்தில் இப்படி ஓர் ஏற்பாட்டை நான் அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சி ரயிலை ஓட்டுவார். கறுப்பு டப்பா ஒன்று, அதுதான் டிரான்ஸ்ஃபார்மர். வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாகக் குறைத்துத் தண்டவாளத்துக்கு அனுப்பும். ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், இன்னொன்று நெகட்டிவ். எஞ்சினின் சக்கரம்தான் கரண்டை மோட்டாருக்கு எடுத்துக்கொடுக்கிறது.

“அண்ணாச்சி, பின்னால எப்படிப் போகுது?” என்றான் கூட்டாளி.

“ரெண்டு கம்பியையும் மாத்திக் குடுத்தாப் போதும் மக்களே, திரும்பி ஓடியிரும். மனுசனுக்குத்தான் ரிவர்ஸ் கிடையாது.”

கூட்டாளி ஏழைப் பையன். அப்பா இல்லை, அம்மா முந்திரி ஆபீசில் கொட்டை உடைக்கிற வேலை. ஒருநாள் எஞ்சின் ஓடவில்லை. சக்கரத்தில் தூசி. அண்ணாச்சி ஒரு துணியைக் கொடுத்து அவனைத் துடைக்கச் சொன்னார். துடைக்கும்போது அவன் கை நடுங்கியது. அண்ணாச்சி அவன் கையையே கொஞ்சநேரம் பார்த்தார்.

“மத்தியானம் என்ன சாப்பிட்டே?”

பதில் இல்லை.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. எதிர்த்த டீக்கடையிலிருந்து நாலு ரசவடை வந்தது. “எண்ணெக் கையோட எஞ்சினத் தொடப்பிடாது, கேட்டியா? தின்னுட்டு, கை கழுவிட்டு வா” என்றார். அவனுக்குக் கொடுத்தது தர்மமாகத் தெரியக்கூடாது என்று எனக்கும் இரண்டு. அப்புறம் சனிக்கிழமை தோறும் ரயில் ஓடுவதற்கு முன்னால் ரசவடை ஓடிவரும். அது கடையின் சட்டமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கடைகள் எங்களுக்கு விற்றது தபால்தலையோ ரெசிஸ்டரோ இல்லை. பையில் காசில்லாத பையனுக்கும் நிற்க ஓர் இடம், கேட்க ஒரு கேள்வி, அதற்கு எரிந்துவிழாத ஒரு பெரிய மனிதர். இதற்குப் பில் போட முடியாது. பில் போட முடியாத சரக்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் கடை நடத்துவது?

ஒவ்வொன்றாக மூடின. முதலில் கேபிள் டி.வி. வந்தது; சாயங்காலங்களை அது எடுத்துக்கொண்டது. பின்னாலேயே வீடியோ கேம். 2001-ல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நீங்க, சீனப் பொம்மைகள் கிலோக் கணக்கில் வந்தன. கெட்டுப்போனால் தூக்கிப்போடும் விலை. ரிப்பேர் செய்யத் தெரிந்தவருக்கு என்ன வேலை? தியேட்டர்கள் டிஜிட்டலானதும் ஃபிலிம் துண்டு என்கிற சரக்கே உலகத்தில் இல்லாமல் போயிற்று. ரேடியோ பார்ட்ஸ் கடை இருந்த மாடிப்படிக்குக் கீழே இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது.

அண்ணாச்சி கடை 1997-ல் மூடியது. கட்டிடத்தை இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டப்போகிறோம் என்றார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், அவருக்கும் கால் வீக்கம். நான் அப்போது ஆபீஸ் வேலைக்குப் போய்ப் பத்து வருஷம். லீவு போட்டுவிட்டுக் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த எலெக்ட்ரிக் ரயில் கடைசிவரை விற்கவில்லை. ‘விற்கவில்லை’ என்றால் யாரும் வாங்கவில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு முறை கேட்டு வந்தவர்களிடம், “அது ரிப்பேரு” என்று அண்ணாச்சி பொய் சொன்னது எங்களுக்குத் தெரியும்.

எஞ்சினையும் பெட்டிகளையும் கூட்டாளி கையில் கொடுத்தார். டிரான்ஸ்ஃபார்மரையும் தண்டவாளத்தையும் என் கையில் கொடுத்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணாச் சேர்ந்தாத்தான் ஓடும்” என்றார். அவ்வளவுதான். ஷட்டரை இழுத்துவிட்டார்.

இது நம்மூர்க் கதை மட்டும் இல்லை. ஃபிராங்க் ஹார்ன்பி லிவர்பூலில் பொம்மை ரயில் விற்க ஆரம்பித்தது 1920-ல். ரயில் தயாரிப்பு பின்னால் வேறு ஊருக்குப் போய்விட்டது. அவருடைய பழைய பின்ஸ் ரோடு ஃபாக்டரியை மூடிய வருஷம் 1979. எங்கள் ஊருக்கு நிஜ ரயில் வந்த அதே வருஷம்! அதே லிவர்பூலில் 1946-ல் தொடங்கிய ஹாட்டன்ஸ் என்கிற பிரபலமான மாடல் ரயில் கடையும், இனி முடியாது என்று 2024 ஜனவரியில் அறிவித்துவிட்டது. ரயிலைக் கண்டுபிடித்த நாட்டிலேயே இந்தக் கதி.

நம் நாட்டில் இந்தப் பித்து பிடித்தவர்களுக்குக் கஷ்டம் இன்னும் அதிகம். உலகத்தில் பெரும்பாலும் விற்கும் மாடல் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். ஹெச்.ஓ. என்கிற அளவுப்படி இதை 87-ஆல் வகுத்தால் பத்தொன்பதுக்கு மேல் வருகிறது. ஆக, நம்மூர் ரயிலை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால் பெரிய அண்ணன் தம்பியின் செருப்பைப் போட்ட மாதிரி இருக்கும்! போதாக்குறைக்கு, பொம்மைகளின் இறக்குமதி வரி 2020-ல் இருபது சதவீதத்திலிருந்து அறுபதாகி, 2023-ல் எழுபதானது. அப்படியும் விடாதவர்கள் இருக்கிறார்கள். புனேயில் பாவ்சாஹேப் ஜோஷி என்பவர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததை வைத்து 1998-ல் மினியேச்சர் ரயில்வே மியூசியமே திறந்துவிட்டார்கள்.

“இப்ப எல்லாம் யூ ட்யூப்லயே இருக்கே அங்கிள்” என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். வாஸ்தவம். அவன் வயதில் எனக்குத் தெரிந்ததைவிட அவனுக்குப் பத்து மடங்கு தெரியும். செல்போனில் ஆர்டர் போட்டால் மூன்றாம் நாள் மோட்டார் வாசலில். அந்தக் காலம்தான் உசத்தி என்று அவனிடம் வாதாட நான் தயாரில்லை. அன்றைக்கு யூ ட்யூப் இருந்திருந்தால் நானும் அதன் முன்னால்தான் கிடந்திருப்பேன். ஆனால் வீடியோ நம் கையைப் பார்க்காது சார். கை நடுங்குகிறதே, இவன் மத்தியானம் சாப்பிட்டானா என்று கேட்காது.

கூட்டாளி என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? கோட்டாறில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். கிணற்று மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், எதைக் கொண்டுபோனாலும் செப்புக் கம்பி சுற்றி உயிர் கொடுத்துவிடுவான். டிசம்பர் 3, சவேரியார் திருநாளுக்கு எங்கள் மாவட்டத்தில் லீவு. அன்றைக்கு நான் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குப் போவேன். பத்துச் சுற்று ஓட்டுவோம். ரசவடை உண்டு. அண்ணாச்சி இப்போது இல்லை.

போன தடவை ஓட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு பையன். பத்துப் பன்னிரண்டு வயது. திருவிழாவுக்கு வந்தவன் போலிருக்கிறது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. “என்னலே வேணும்?” என்று நான் கேட்க வாயெடுத்தேன்.

கூட்டாளி என்னை முந்திக்கொண்டான். பையனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காலால் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளிவிட்டு, ரசவடைப் பொட்டலத்தைப் பிரித்தான்.