பெரியப்பா நடந்த லைன்

கேமரன் மலையில் மழை மாதங்களில் மத்தியானம் தாண்டினால் மூட்டம் இறங்கிவிடும். முதல் இடிக்கு லயத்து விளக்குகள் மங்கி எரியும். அடுத்த இடிக்கு அணைந்துபோகும். பெரியப்பா உடனே மழைக்கோட்டைத் தேடுவார். மின்வாரியத்தில் அவர் லைன்மேனாக இருந்தார்.

தேயிலை ஆலையில் அந்நேரம் உருட்டிய கொழுந்து காற்றுப்பட்டு நிறம் மாறிக்கொண்டிருக்கும். உரிய நேரத்தில் சூடு கொடுத்து உலர்த்தாவிட்டால் அதன் ருசி கெட்டுவிடும். விளக்கு இல்லாமல் லயம் ஓர் இரவைத் தள்ளிவிடும், ஆனால் கொழுந்து காத்திருக்காது. அதனால் பழுது எங்கே என்பதைச் சீக்கிரம் கண்டுபிடித்தாக வேண்டும்.

தேயிலை மேடுகளில் ஏறி, ஓடை தாண்டி, காட்டோரமாகப் போகும் 11 கிலோவோல்ட் லைன் அது. நடுவழிச் சுவிட்சைத் திறந்துவிட்டு முன்பாதிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார்கள். மின்சாரம் அணையாமல் நின்றால் கோளாறு பின்பாதியில் இருக்கிறது. பிறகு அந்தப் பாதியையும் இரண்டாகப் பிரிப்பார்கள். கிளை பிரியும் கம்பத்தில் ஃபியூஸ் கழன்று தொங்கினால், பழுது அந்தக் கிளையில்தான். அதற்குமேல் நடைதான். கம்பியைத் தாங்கும் பீங்கானில் கருகிய தழும்பு இருக்கிறதா, கம்பிமேல் மூங்கில் சாய்ந்திருக்கிறதா, கம்பத்தடியில் மண் சரிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். பழுது வருமுன்பே அதைக் காட்டிக்கொடுக்கும் இரவுகளும் உண்டு. ஈரக் காற்றில், மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, விரிசல் விட்ட பீங்கான் சீறும். டார்ச்சை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் நீலமாக மினுங்கும்.

ஆனால் அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் தோட்டத்து ஜனங்கள். "அண்ணே, பெரிய கல்லுக்கு மேல படார்னு சத்தம் கேட்டுச்சு", "கோயில் மேட்டுல வெளிச்சம் தெறிச்சுச்சு" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் வழியிலேயே நிறுத்திச் சொல்வார்கள். காட்டோரத்துச் செமாய்ப் பழங்குடி மக்கள் குறுக்குப் பாதை காட்டுவார்கள். பெரிய கல்லு, கோயில் மேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. பெரியப்பாவுக்கு அவையே வரைபடம்.

1929இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து நம்மவர்கள் காடு வெட்டித் தேயிலை நட்ட மலை இது. பெர்தாம் ஆற்றை மறித்து, ரிங்லெட் ஏரியின் தண்ணீரைச் சுரங்கம் வழியே பேராக் பக்கம் இறக்கி, ஜோரில் நிலத்தடி மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1963இல். நாட்டுக்கே மின்சாரம் தரும் மலையில் இருக்கிறோம் என்று பெரியவர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. பெரியப்பாவின் மின்வாரியமான லெம்பாகா லெட்ரிக் நெகாரா 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. அதற்குப் பிறகும் பழைய ஆட்கள் வாயில் அது எல்.எல்.என்.தான்.

இன்று பெரிய மின்தடங்களில் ரிலே கருவியே தூரத்தைச் சொல்லிவிடுகிறது. பழுதான கணத்து வோல்டேஜையும் கரண்டையும் ஒப்பிட்டு, இத்தனையாவது கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறது. இன்னொரு முறையும் இருக்கிறது. பழுதான இடத்தில் கிளம்பும் மின் அலை கம்பியில் ஒரு மைக்ரோ நொடிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஓடும். அது இரு முனைகளுக்கும் வந்துசேரும் நேரத்தைச் செயற்கைக்கோள் கடிகாரத்தால் அளந்து இடத்தைப் பிடிக்கிறார்கள். கொட்டும் மழையில் ஒரு மனிதன் வழுக்குப்பாறையில் ஏற வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனாலும் கிளை கிளையாகப் பிரியும் மலை லைனில் ஒரே தூரம் மூன்று மேடுகளைக் காட்டக்கூடும். எந்த மேடு என்று அன்று ஊரே சொன்னது. அதே கம்பம் ஆண்டுதோறும் ஏன் இடி வாங்குகிறது, எந்தச் சரிவின் மண் ஓயாமல் நகர்கிறது என்று பெரியப்பாவுக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள் தாப்பா, ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிப் போய்விட்டன. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இப்போது கொழுந்தெடுக்கிறார்கள். மேடுகளுக்கு அவர்கள் தங்கள் மொழியில் பெயர் வைத்திருப்பார்கள். நம் பெயர்கள் அங்கே பேச்சில் இல்லை.

அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது, ஆனால் கேட்டால் கம்பம் கம்பமாகச் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த மண் சரியும், எந்த மேட்டில் இடி விழும் என்ற அந்த அறிவு, நாளை கம்பி இழுக்கப்போகும் பொறியாளருக்கும் வேண்டியதுதான்.