சிலோன்காரனும் பழனிமலைச் சிரிப்பானும்

கொடைக்கானலில் எங்களை இன்னும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். அரசாங்கத் தாள்களில் தாயகம் திரும்பியோர். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலருக்கு இந்த மலையில் கிடைத்தது மரம் வெட்டும் வேலை. என் அப்பாவுக்கும் அதுதான். நுவரெலியாவின் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எனக்கு ஊர் புதிது, குளிர் பழையது. பறவைகளைப் பார்த்தால் பழையவை போலத்தான் இருந்தன. ஆனால் உற்றுப் பார்க்க வேண்டும்.

அங்கே பார்த்த காட்டுப்புறா இங்கேயும் பின்கழுத்தில் அதே கறுப்பு வெள்ளைக் கட்டத்தோடு உட்கார்ந்திருக்கும். ஆனால் சிலோன் புறாவின் முதுகு வெறும் சாம்பல். நீலகிரிக் காட்டுப்புறாவின் மேல்முதுகில் அரக்குச் சிவப்பு ஓடும். நீல ஈப்பிடிப்பானும் அப்படித்தான். அங்குள்ளது மங்கிய நீலம், நெற்றி மட்டும் பளிச்சென்றிருக்கும். இங்குள்ளதற்கு வாலின் அடியில் இரு சின்ன வெள்ளைத் திட்டுகள். ஒரே குடும்பம் கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலுமாகப் பிரிந்து வேறு வேறாகிப் போவது எங்களுக்கொன்றும் புதுச் செய்தி இல்லை.

கொடைக்கானல் இருக்கும் இந்தப் பழனிமலையில் இறகின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். எந்த உயரத்தில் நிற்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். வத்தலக்குண்டு, காட்ரோடு பக்கம் முள்காடு. மயிலும் கௌதாரியும் பனங்காடையும் அங்கே. பண்ணைக்காடு, தாண்டிக்குடி வந்தால் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களில் குக்குறுவான் கத்தும். 2,000 மீட்டரைத் தாண்டினால் சோலையும் புல்வெளியும். இவ்வளவையும் ஒரு காலைப்பொழுதில் பஸ்ஸிலேயே கடந்துவிடலாம். ஆனாலும் வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

சோலை ஓரத்து ராஸ்பெர்ரிப் புதரில் பழம் கொத்தும் பழனிமலைச் சிரிப்பானை அவர்கள் பார்ப்பதில்லை. மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். ஒன்று குரல் கொடுத்தால் பக்கத்துப் புதரெல்லாம் சேர்ந்து சிரிக்கும். நீலகிரிச் சிரிப்பானுக்கோ தாடை கறுப்பு, மார்பும் செம்பழுப்பு. நடுவே பாலக்காட்டுக் கணவாய் குறுக்கே கிடப்பதால் இரண்டும் கலக்கவில்லை. இங்குள்ளதை அமெரிக்கப் பாதிரியார் ஃபேர்பேங்க் சேகரித்துக் கொடுக்க, இயற்கையியலாளர் பிளான்ஃபோர்டு 1869-ல் அவர் பெயரையே அறிவியல் பெயரில் சேர்த்தார். ஃபேர்பேங்கின் பழனிமலைப் பறவைப் பட்டியல் 1877-ல் ஹியூம் நடத்திய பறவை இதழில் வந்தது. ஆமாம், பிறகு காங்கிரஸ் தொடங்கக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்.

அந்தப் பாதிரியார் இன்று வந்தால் புல்வெளியைத் தேட வேண்டியிருக்கும். சீகை (வாட்டில்), யூக்கலிப்டஸ், பைன் நட்டே மூடிவிட்டார்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு சொல்கிறது. நீலகிரி நெட்டைக்காலி புல்லிலேயே மேய்ந்து, புல்லிலேயே கூடு கட்டும் பறவை. பைன் காட்டுக்குள் அதற்கு என்ன வேலை? பைன் மரத்தடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். அரை மணி நேரம் நின்றாலும் காதில் விழுவது காற்றுதான்.

அந்தச் சீகையை வெட்டித்தான் எங்கள் ஆட்கள் சோறு தின்றார்கள். எந்தச் சரிவில் எப்போது மரம் வைத்தார்கள், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது, எந்த ஓடையில் சீகாரப் பூங்குருவி விடியுமுன் சீழ்க்கையடிக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் பறவையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்; இடம் சொல்வார்கள். பறவை பார்க்க வருகிறவர்களும் புல்வெளியை மீட்கத் திட்டம் போடுகிறவர்களும் இந்தச் சிலோன்காரர்களையும் கூட அழைத்துச் செல்ல வேண்டும், கூலியோடு. இன்னொன்று: சிரிப்பானை வெளியே வரவழைக்கப் போனில் அதன் குரலைப் போடாதீர்கள்.