காலக்கெடு இல்லாத ஆட்டம்

பத்திரிகைத் தொழிலில் எங்களை ஆள்வது கடிகாரம். இத்தனை மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டுமென்றால் போயாக வேண்டும். பல ஆண்டுகள் அந்த முள்ளுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த எனக்குக் கடிகாரமே இல்லாத ஒரு விளையாட்டின் மீது பற்று ஏற்பட்டதில் வியப்பில்லை. "கிரிக்கெட் பார்த்து வளர்ந்த உமக்கு இந்தப் பேஸ்போலில் என்னப்பா இருக்கிறது?" என்று கொழும்பு நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கான பதிலாகவே இதை எழுதுகின்றேன்.

கால்பந்துக்குத் தொண்ணூறு நிமிடங்கள். டெஸ்ட் கிரிக்கெட்டுக்குக்கூட ஐந்து நாட்கள் என்ற எல்லை உண்டு. பேஸ்போலில் இரு அணிகளுக்கும் ஒன்பது சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஆட்டமிழப்புகள். ஒன்பது சுற்றுகளின் முடிவில் ஓட்டங்கள் சமமாக இருந்தால் பத்தாவது, பதினோராவது என்று ஒருவர் வெல்லும்வரை ஆட்டம் நீளும்.

நான் 1992 இல் ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் அக்கா குடும்பத்துடன் அடுக்குமாடி வீடொன்றில் தங்கியிருந்தேன். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். 1990 முதல் அங்கு மின்சாரம் இல்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் மக்கள் வானொலிச் செய்தி கேட்டார்கள். நானோ ஒவ்வோர் இரவும் பதினொரு மணிச் செய்திக்காகத் தொலைக்காட்சியின் முன் காத்திருப்பேன். ஊரைப் பற்றி ஒரு வரியேனும் வராதா என்ற ஏக்கம். வந்தால் அது நல்ல செய்தியாக இராதே என்ற பயம். அந்த ஒக்டோபரில் பேஸ்போல் குறுக்கே வந்தது. ஆட்டம் முடிந்தால்தான் செய்தி.

"பொறுங்கோ மாமா, இது இப்ப முடியாது" என்பான் பன்னிரண்டு வயது மருமகன். ஆட்டத்தின் விதிகளை எனக்குக் கற்பித்தவன் அவனே.

ஒக்டோபர் 24 இரவு, உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் அட்லாண்டாவில் நடந்தது. பதினோராவது சுற்றில் டேவ் வின்ஃபீல்ட் அடித்த அடியில் இரண்டு ஓட்டங்கள் கிடைத்தன. 4-3 என ரொறன்ரோ ப்ளூ ஜேய்ஸ் வென்றது. அமெரிக்காவுக்கு வெளியிலுள்ள அணியொன்று உலகத் தொடரை வென்றது அதுவே முதல் தடவை. நள்ளிரவு கடந்துவிட்டிருந்தது. யங் வீதியில் சனவெள்ளம். அன்றைய செய்தியறிக்கை எப்போது தொடங்கியது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை. நாடு விட்டு வந்த பின்னர், எந்தக் கெட்ட செய்தியும் உள்ளே நுழைய முடியாதிருந்த முதலாவது இரவு அது. அந்த நிம்மதிக்காக வெட்கப்படவும் செய்தேன்.

மறு ஆண்டும் உலகத் தொடரில் ஆறாவது ஆட்டம். 1993 ஒக்டோபர் 23. இம்முறை ரொறன்ரோவின் ஸ்கைடோம் அரங்கில். 6-5 எனப் பின்தங்கியிருந்த ஒன்பதாவது சுற்றில் ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடப்புற வேலியைத் தாண்டியது. மூன்று ஓட்டங்கள். அக்கா வீட்டுக் கட்டிலில் ஒரு கால் அன்று உடைந்தது.

தொலைக்காட்சிக்கும் பேஸ்போலுக்குமான உறவு பழையது. 1939 ஓகஸ்ட் 26 அன்று நியூயோர்க்கின் புரூக்ளினில் நடந்த சின்சினாட்டி-புரூக்ளின் ஆட்டங்களே முதன்முதலில் ஒளிபரப்பான பெருந்தொடர் ஆட்டங்கள். இரண்டே கமராக்கள். பின்னர் மைதானத்தின் நடுத் தொலைவிலிருந்து பார்க்கும் கமரா வந்தது. எறிபவரின் முதுகு, துடுப்பாளரின் முகம், பந்தைப் பிடிப்பவரின் விரற்சைகை ஆகிய மூன்றும் ஒரே சட்டத்தில் தெரிந்தன. ஓர் எறிக்கும் அடுத்த எறிக்கும் இடையிலான நேரம் வெறும் காத்திருப்பன்று என்பது அப்போதுதான் புரியும். "இப்ப என்ன பந்து போடுவான், சொல்லுங்கோ மாமா" என்று மருமகன் கேட்பான். நான் யோசித்து முடிப்பதற்குள் பந்து போய்விடும்.

வர்ணனையாளர் வின் ஸ்கல்லியின் பழைய ஒளிப்பதிவுகளைப் பின்னர் தேடிப் பார்த்தேன். 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் டொட்ஜர்ஸ் அணிக்காகப் பேசியவர். 2022 இல் காலமானார். 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தேசியத் தொலைக்காட்சிக்காக வர்ணித்தவரும் அவரே. நடக்கவே சிரமப்பட்ட கேர்க் கிப்சன் வெற்றி அடியை அடித்ததும் அதைச் சொல்லிவிட்டு ஸ்கல்லி வாய்மூடிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் கூட்டத்தின் ஆரவாரம் மட்டுமே கேட்டது. எப்போது எழுதக்கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட இடங்களில் அந்த ஒளிப்பதிவும் ஒன்று.

இன்றைய ஒளிபரப்புக்கு வருவோம். 2023 இல் இந்த விளையாட்டுக்கும் கடிகாரம் வந்துவிட்டது. களத்தில் ஓட்டக்காரர் இல்லையெனில் 15 விநாடிகளுக்குள் எறிபவர் பந்தை எறியத் தொடங்க வேண்டும். 2022 இல் சராசரியாக மூன்று மணி நான்கு நிமிடங்கள் எடுத்த ஒன்பது சுற்று ஆட்டம், இரண்டு மணி நாற்பது நிமிடங்களாகக் குறைந்தது. பழைய இரசிகர்கள் பலர் புலம்பினார்கள். நான் புலம்பவில்லை. கையுறையைக் கழற்றி மாட்டும் நேரத்தைத்தான் அது குறைத்தது. கடைசி ஆட்டமிழப்பு வரை ஆட்டம் முடியாது என்ற அடிப்படை அப்படியே இருக்கின்றது.

எனக்கு உறுத்துவது வேறு. 2022 ஏப்ரலில் ஒன்ராறியோ மாகாணம் தனியார் இணையப் பந்தய நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தபின், சுற்றுகளுக்கிடையில் சூதாட்ட விளம்பரங்கள் குவிந்தன. இணையவழி ஒளிபரப்போ நேரடி ஆட்டத்துக்குப் பல விநாடிகள் பின்தங்கி வருகின்றது. எறிபவர் கையை உயர்த்துமுன்னரே கைத்தொலைபேசி சிணுங்கி "ஹோம் ரன்" என்று அறிவித்துவிடுகின்றது. அன்று செய்தியைத் தடுத்து வைத்திருந்த ஆட்டத்தை இன்று செய்தி முந்திக்கொண்டு ஓடுகின்றது. செய்தியை முந்தித் தருவதே தொழிலாக இருந்த நான் இதைக் குறை சொல்வது வேடிக்கைதான்.

ஆகவே 2025 உலகத் தொடரின்போது தொலைபேசியை அணைத்துச் சமையலறை அலுமாரியில் வைத்தேன். லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த மூன்றாவது ஆட்டம் பதினெட்டுச் சுற்றுகள் நீண்டது. ஆறு மணி முப்பத்தொன்பது நிமிடங்கள். ஃபிரெடி ஃபிரீமன் அடித்து முடித்தபோது ரொறன்ரோவில் விடியற்காலை மூன்று மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. நவம்பர் முதலாந் திகதி ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது சுற்றில், 5-4 என ப்ளூ ஜேய்ஸ் தோற்றது.

எல்லாம் முடிந்தபின் தொலைபேசியை எடுத்து இயக்கினேன். சற்று நேரத்தில் மருமகனின் அழைப்பு வந்தது. அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வேறு நகரத்தில் வசிக்கின்றான். "மாமா, முழுக்கப் பாத்தனீங்களோ?" என்று கேட்டான்.

"முழுக்கப் பாத்தனான்" என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.