ஞாயிறு மட்டும்

சொரியாசிஸோடு பத்து, இருபது வருடம் வாழ்ந்தவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பை இருக்கும். பாதி பிழிந்த ட்யூபுகள், ஊதா நிறத்தில் வெட்பாலைத் தைலம், பெயர் கிழிந்த மாத்திரை அட்டைகள். அதை மேசையில் கொட்டச் சொல்லிவிட்டுத்தான் தோலைப் பார்க்கிறேன். நான் தேடுவது ஸ்டீராய்டு மாத்திரையை. பத்தே நாளில் உடம்பைப் பளிச்சென்று ஆக்கிவிடும். நிறுத்தியதும் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், சிலருக்கு உடம்பெங்கும் சீழ்க் கொப்புளங்களாக. வெட்பாலையோடு எனக்குச் சண்டையில்லை. எண்ணெய்ப் பதத்தில் செதில் இளகினால் நான் தரும் களிம்புக்கும் நல்லதுதான்.

"தடவியும் கேக்கல டாக்டர்" என்றால், ட்யூப் எத்தனை நாள் வந்தது என்று கேட்பேன். முப்பது கிராம் ட்யூப் இரண்டு மாதம் வந்திருந்தால் மருந்து தோலில் சேரவே இல்லை. சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு கை அகலத்துக்குத்தான் அது போதும். பிதுக்கியே காட்டுகிறேன். படை அடங்கியபின் குளோபிட்டசால் என்ற ஸ்டீராய்டுக் களிம்பைச் சனி, ஞாயிறுக்கு ஒதுக்கி, மற்ற நாட்களில் ஸ்டீராய்டு இல்லாத கால்சிபோட்ரையால் களிம்பு. முகத்துக்கும் தொடை இடுக்குக்கும் குளோபிட்டசால் கூடாது.

உடம்பில் பரவலாக இருந்தால் 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி நல்ல சிகிச்சை. ஆனால் வாரம் மூன்று நாள் வரவேண்டும். தினக்கூலிக்காரரிடம் அதை எப்படிச் சொல்வது?

அவர்களுக்குப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்தான். மலிவான, பழைய, நம்பகமான மருந்து; வாரத்துக்கு ஒரே நாள்தான். மாத்திரை என்றாலே தினமும் போடுவது என்று பழகிய ஊர் இது. இதைத் தினமும் போட்டால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். அதனால் சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி வட்டமிடுகிறேன். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகளையும் உள்ளே கூப்பிட்டுத் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். ஃபோலிக் அமிலம் வேறு நாளில். குடி கூடாது. கர்ப்பமாகும் எண்ணமிருந்தால் இந்த மருந்தே கிடையாது. ரத்தப் பரிசோதனைக்குத் தவறுகிறவருக்கு அடுத்த சீட்டு எழுத மாட்டேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

செக்யூகினுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் பலருக்குத் தோலை ஏறக்குறைய முழுதாகவே தெளியவைக்கின்றன. காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்காமல் நம் நாட்டில் அவற்றைத் தொடக்கூடாது. விலையைச் சொன்னதும் அறை அமைதியாகிவிடும்.

நகத்தில் குண்டூசி குத்தினாற்போல் குழிகள் கண்டால் கேட்பேன்: "காலையில எந்திரிச்சதும் விரலை மடக்க முடியுதாம்மா?"

"அது வயசானா வர்றதுதானே டாக்டர்."

அந்த அம்மாவுக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. இது மூட்டைத் தாக்கும் சொரியாசிஸாக இருக்கலாம்; களிம்பும் ஒளியும் மூட்டுக்கு எட்டாது. விட்டால் விரல் கோணிவிடும். எழுதிய சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, மூட்டு மருத்துவருக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறேன்.