ஞாயிறும் ஓய்வும் அடுப்படியும்

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்பது இயற்கையின் நியதி போல நமக்குத் தோன்றுகின்றது. உண்மை அதுவன்று. 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் ஞாயிறு ஒரு சாதாரண வேலைநாளாகவே இருந்தது. சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டிவரும் போயா தினங்களே அக்காலத்தில் வாராந்த விடுமுறை நாட்களாயின. 1971இல் சட்டம் மாற்றப்பட்ட பின்னரே ஞாயிறு தன் பழைய இடத்தைப் பெற்றது. ஆக, எந்நாள் ஓய்வுநாள் என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். எவருக்கு ஓய்வு என்பதையும் மனிதரே தீர்மானிக்கின்றனர். முன்னையதைப் பற்றிச் சட்டசபைகளில் விவாதிக்கப்பட்டிருக்கின்றது. பின்னையதைப் பற்றிப் பெரும்பாலும் எவரும் பேசுவதில்லை.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோருக்கென 1954ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை அவர்களின் உரிமை என அச்சட்டம் வகுத்தது. தொழிலாளர் போராட்டங்களின் பேறாக உலகெங்கும் வென்றெடுக்கப்பட்ட இத்தகைய உரிமைகளின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அச்சட்டம் கடை வாசலிலேயே நின்றுவிட்டது; அடுப்படிக்குள் அது நுழையவில்லை. வாரத்தின் ஏழு நாட்களும் அடுப்பு எரியும் இடத்திலே ஒன்றரை நாளை எவர் அளந்து கொடுப்பது?

பல்கலைக்கழக விடுமுறைக்கு வடமராட்சியிலுள்ள எங்கள் வீட்டுக்குச் செல்லும்போது ஞாயிற்றுக்கிழமைகளை ஊன்றிக் கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. காலைப் புட்டுக்குப் பின்னர் வீடு ஒருவித மந்தகதிக்கு வரும். அப்பா விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகையின் முன்பக்கத்தை விரிப்பார். தம்பி கைப்பேசியில் ஆழ்ந்திருப்பான். எனக்கு ஒரு நாவல் இருக்கும். அடுப்படியிலிருந்து செத்தல் மிளகாயும் மல்லியும் அரைபடும் இரைச்சல் கேட்கும். அன்று இறைச்சிக் கறி.

அம்மாவும் வாசிக்கின்றார். ஆனால் நின்றபடியே வாசிக்கின்றார். பத்திரிகையின் நடுத்தாளை நான்காக மடித்து, காற்றுக்குப் பறவாமல் உப்புப் போத்தலைப் பாரமாக வைத்துவிடுவார். முதற்பால் பிழிவதற்கும் கறி கொதிப்பதற்கும் இடையில் ஒரு பத்தி. வெங்காயம் வதங்கும்போது இன்னொரு பத்தி. ஒரு சிறுகதையை அவர் வாசித்து முடிப்பதற்குள் அது ஐந்தாறு துண்டுகளாகிவிடும். இது வாசிப்பில் நாட்டமற்ற ஒருவரின் பழக்கமன்று. மின்சாரம் அற்றுப்போயிருந்த 1990களின் யாழ்ப்பாணத்திலே, ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை இட்டு, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கின் ஒளியில், கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தவர் அவர். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையின் பழைய இதழ்கள் சில இன்றும் அவருடைய அலுமாரியில் ஒரு கட்டாக இருக்கின்றன.

அடுப்படியின் சுமையைக் கருவிகள் இறக்கிவைத்துவிட்டன என்பது பரவலான நம்பிக்கை. றைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். பானையில் நீர் இருக்கும்வரை அதன் அடி ஏறக்குறைய 100 பாகை செல்சியசிலேயே நிற்கும். நீர் முழுவதையும் அரிசி உறிஞ்சியதும் வெப்பநிலை அதற்கு மேல் ஏறும்; அவ்வேற்றத்தை உணர்ந்து ஆளி தானாகவே விழும். எளிமையும் நுட்பமும் ஒருங்கே அமைந்த கருவி இது. தானியங்கும் வகையில் அமைந்த இத்தகைய குக்கரை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை உருவாக்கும் பணியை ஏற்றவர் மினாமி யொஷிதாதா என்னும் சிறு தொழிற்சாலை உரிமையாளர். ஆனால் வெவ்வேறு சூழல்களிலே திரும்பத் திரும்பச் சோறாக்கிச் சோதனைகளை நடத்தியவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. பெண்களை அடுப்பருகிலிருந்து விடுவிக்க எழுந்த கருவியும் ஒரு பெண்ணின் ஓயாத அடுப்படி உழைப்பிலிருந்தே பிறந்தது.

எங்கள் வீட்டிற்கு அக்கருவி வந்தபோது அம்மாவுக்கு அரைமணி நேரமாவது மிச்சமாயிற்று என்பதில் ஐயமில்லை. கஞ்சி வடிக்க வேண்டியதில்லை. அடுப்பைத் தணிக்க வேண்டியதில்லை. அந்த அரைமணி நேரம் எங்கே போயிற்று? முற்றம் கூட்டுவதற்கும் உடுப்புத் தோய்ப்பதற்கும் போயிற்று. முன்பு ஒரு கறியும் சொதியும் போதுமென்றிருந்த மதிய உணவுக்கு மேலும் இரண்டு கறிகள் சேர்ந்தன. அமெரிக்க வரலாற்றாசிரியரான ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் 1983இல் வெளியிட்ட தமது நூலிலே இத்தகைய போக்கினை விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். புதிய சாதனங்கள் விறகு பிளத்தல் போன்று ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளையே பெரிதும் நீக்கின என்பதும், துப்புரவு பற்றியும் உணவு பற்றியுமான எதிர்பார்ப்புக்கள் உயர்ந்தமையால் தாயின் வேலை குறையவில்லை என்பதும் அவர்தம் வாதம். அவர் எழுதியது அமெரிக்க இல்லங்களைப் பற்றியே எனினும், எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் கோடரி துருப்பிடித்துக் கிடப்பதைக் காணும்போதெல்லாம் அவ்வாதம் என் நினைவுக்கு வருகின்றது.

கருவியின் மற்றொரு விளைவு மொழியிலே வெளிப்படுகின்றது. "குக்கர் சோறாக்கிவிடும்", "மெசின் உடுப்புத் தோய்த்துவிடும்" என்று வெகு இயல்பாகக் கூறுகின்றோம். எழுவாய் மாறிவிடுகின்றது. அரிசியைக் களைந்து, கல் பொறுக்கி, அளவாக நீர் விட்டு, பின்னர் பானையைத் தேய்த்துக் கழுவும் கைகள் வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. ஒருநாள் இத்தகைய பேச்சினிடையே அம்மா சொன்னார்: "குக்கர் பாத்துக்கொள்ளும் எண்டு எல்லாரும் சொல்லுறியள். குக்கரை ஆர் பாக்கிறது?" கருவி வேலையின் ஒரு பகுதியைக் குறைக்கின்றது, எஞ்சிய பகுதியைக் கண்ணுக்குத் தெரியாமற் செய்துவிடுகின்றது. கண்ணுக்குத் தெரியாத வேலையைப் பங்கிட்டுக்கொள்ள எவரும் முன்வருவதில்லை.

2022ஆம் ஆண்டு இதனை எதிர்மறையாக நிறுவிக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எரிவாயுச் சிலிண்டர்களுக்காக மக்கள் வீதியோரங்களிலே நீண்ட வரிசைகளிற் காத்துநின்றனர். எங்கள் வீட்டிலே கருவிகள் யாவும் மௌனமாயின. கோடரி மீண்டும் அப்பாவின் கைக்கு வந்தது. தம்பி திருவலையில் இருந்து தேங்காய் திருவினான். நான் அம்மியில் அரைத்தேன். வேலை முழுவதும் முற்றத்திலே பரவிக் கிடந்ததால் அதிற் பங்குகொள்ளாதிருத்தல் எவருக்கும் இயலவில்லை. மின்சாரம் சீரானதும் கோடரி மீண்டும் கோடிப்புறத்துக்குச் சென்றது. அவரவர் தத்தம் கதிரைகளுக்குத் திரும்பினோம்.

இதனால் அம்மியும் விறகடுப்பும் மேலானவை என்று நான் கூற வரவில்லை. புகையிலே இருமி வாழ்ந்த எங்கள் பாட்டிமாரின் நாட்களைப் பொற்காலமெனப் போற்றுவது, அப்புகையை அறியாதோர்க்கே இயலும். கருவிகள் வேண்டும், மேலும் நல்லனவும் மலிவானவும் வேண்டும். ஆனால் கருவி மிச்சப்படுத்தும் நேரம் எவருக்கு உரியது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்கும் உறவுகள் முன்போலவே இருக்குமாயின், பெண்ணின் கையில் மிஞ்சும் அரைமணி நேரம் இன்னொரு வேலையாகவே உருமாறும். பெண் விடுதலை பற்றிக் கருத்தரங்குகளிலே உரக்கப் பேசும் நாம், ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நமது வீட்டில் யார் இருக்கின்றார், யார் நிற்கின்றார் என்று நோக்குவது பயனுடையது.

இப்போதெல்லாம் விடுமுறைக் காலத்து ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் ஒடியற் கூழ் காய்ச்சுகின்றோம். பல கைகள் வேண்டும் சமையல் அது. அப்பா மீன் வெட்டுகின்றார். தம்பி நண்டின் கால்களை உடைத்துத் துப்புரவாக்குகின்றான். மரவள்ளியும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் என் பொறுப்பு. ஒடியல் மாவைக் கயர்ப்பு நீங்க ஊறவைத்து வடிப்பதையும் நானே பழகிக்கொண்டேன். மாவும் புளியும் கரைத்து விடும் பக்குவம் மட்டும் அம்மாவுக்குரியது. அதற்கு முன்னர் அவருக்கு அடுப்படியில் வேலையில்லை. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கூழை அள்ளிக் குடிக்கும்போது எல்லோரும் வட்டமாக இருக்கின்றோம்.

சென்ற விடுமுறையின் கடைசி ஞாயிறன்று, கூழ்ப்பானை கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அம்மா அலுமாரியிலிருந்து ஒரு மல்லிகை இதழை எடுத்துவந்து விறாந்தைக் கதிரையில் இருந்தார். அட்டை தொடக்கம் அட்டை வரை, ஒருமுறையேனும் எழுந்திராமல் வாசித்து முடித்தார். பின்னர் வந்து மாவைக் கரைத்தார்.