உப்பளமும் ஒரு பாலைதான்

கோட்டக்குப்பத்தில் பேருந்து ஏறி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு, கீழ்புத்துப்பட்டு, அனுமந்தை என்று ஊர்கள் கடந்துபோகின்றன. மரக்காணத்தை நெருங்கும்போது பச்சை குறைந்து வெள்ளை தொடங்குகிறது. உப்பளங்கள்.

சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகளை அந்நூல் படுத்துறங்கும் ஒட்டகத்துக்கு ஒப்பிடுகிறது. பாடிய நத்தத்தனார் ஒட்டகத்தை நேரில் பார்த்தவர் என்றே நான் நம்புகிறேன். கேள்விப்பட்டவருக்கு அந்தக் கிடப்பு தோன்றாது.

வரப்பில் நின்றபோது ஒட்டகம் இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை என்று பட்டது. பாத்தி நிறையத் தண்ணீர் நிற்கிறது. குடித்தால் தாகம் கூடும். உயிருக்கு இதுவும் பாலைதான்.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. தண்ணீரைச் செலவழிக்காமல் இருப்பதுதான் அதன் திறமை. 1950களில் சகாராவில் உடலியலாளர் நட் ஷ்மிட்-நீல்சன் இதை அளந்து காட்டினார். தாகத்தில் இருக்கும் ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரி செல்சியஸ் வரை இறங்கி, மாலைக்குள் 40ஐத் தாண்டும். நமக்கு அது கடும் காய்ச்சல். ஒட்டகமோ வியர்க்காமல் அந்தச் சூட்டைத் தாங்கி, இரவுக் குளிரில் இறக்கிவிடுகிறது. உடல் எடையில் கால் பங்கு நீரை இழந்தும் நடக்கும். தண்ணீர் கிடைத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் வரை குடிக்கும். அத்தனை நீர் ஒரேயடியாக உள்ளே போனாலும் அதன் நீள்வட்டச் சிவப்பணுக்கள் வெடிப்பதில்லை.

உப்பும் அதற்குப் பகையல்ல. கட்ச் கடலோரத்தின் காராய் ஒட்டகங்கள் ஓதத்தில் நீந்திப்போய் அலையாத்தி இலைகளை மேய்கின்றன. 2015இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றவை. அங்கே உப்பளக் கரைகள் ஓதநீரை மறிக்கும் இடங்களில் அலையாத்தி காய்கிறது. ஒட்டகம் பட்டினி கிடக்கிறது.

அதே ஷ்மிட்-நீல்சன்தான் கடற்பறவைகளின் உப்புச் சுரப்பியையும் கண்டறிந்தார். சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி பிரித்தெடுக்கிறது. அந்த உப்புநீர் நாசி வழியே சொட்டிவிடும். மரக்காணத்தை அடுத்த கழுவெளிக்கு வரும் பூநாரைக்கும் இந்தச் சுரப்பி உண்டு. 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட நீர்நிலை அது.

மனிதனிடம் இப்படி எதுவும் இல்லை. நம் சிறுநீரகத்தால் கடல்நீர் அளவுக்குக்கூட உப்பை வெளியேற்ற முடியாது. வெயில் சூட்டைத் தணிக்க நம் உடலுக்குத் தெரிந்த முக்கிய வழி வியர்ப்பது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "வேலை முடியறவரைக்கும் தண்ணி குடிக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "குடிச்சா ஒதுங்கணுமேப்பா. இந்த வெட்டவெளியில எங்க ஒதுங்கறது?" என்றார். அடுத்த கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017க்கும் 2020க்கும் இடையே தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. வெயிலுக்குப் பழகியவர்கள் என்று இவர்களைப் பற்றி நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழக்கத்தால் சிறுநீரகம் மாறாது.

மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் உதவி தருகிறது, நல்ல காரியம். கோடையிலும் அவர்களை நினைக்க வேண்டும். வரப்பு ஓரத்தில் ஒரு நிழற்கூரை, ஒரு குடிநீர்த் தொட்டி, பெண்களுக்குக் கதவு வைத்த ஒரு கழிப்பறை: உப்பளம் நடத்துவோரும் அரசும் சேர்ந்து இந்த மூன்றையும் அடுத்த உப்புக் காலத்துக்குள் செய்து தர வேண்டும்.