பேசினில் பச்சைத் தண்ணீர்

கார் ரிப்பேருக்கும் சமையலறைக்கும் என்ன சம்பந்தம் என்று சகோதரிகள் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஓர் எவர்சில்வர் பேசின் அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கிவிட்டது. பேசினை எடுத்துக் கொடுத்தவள் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். கல்யாணமாகி 2003-ல் அமெரிக்காவுக்கு வந்தேன். டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் கொழுந்தனார் குடும்பமும் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

2023-ல் என் மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்கி வந்தான். மஸ்டா மியாட்டா, 1996-ம் வருஷத்து வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரையை மடித்து விடலாம். சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் தூங்கி எழுந்த மாதிரி மேலே வரும். "இதுல ஒரு அரிசி மூட்டை வைக்க இடம் இருக்காடா?" என்று கேட்டேன். "அம்மா, இது ஸ்போர்ட்ஸ் கார்!" என்றான். அதற்கு மேல் பேச்சில்லை.

ஜூன் மாத வெயிலில் வண்டிக்குச் சூடு ஏற ஆரம்பித்தது. பானெட்டைத் திறந்து காட்டினான். அந்த வண்டியில் ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும். வருஷக்கணக்காகச் சூடு பட்டுப் பட்டுப் பழுப்பு நிறமாகிவிடும். அப்படியாகிவிட்டால் எந்த நேரமும் விரிசல் விடலாமாம். எங்கள் வண்டியில் அது கருப்பட்டி நிறத்தில் இருந்தது. முழுக்க அலுமினியத்தில் வேறு கம்பெனி செய்து விற்கும் ரேடியேட்டரை வரவழைத்து, தானே மாட்டப் போவதாகச் சொன்னான். இவருக்கு இஷ்டமில்லை. "மெக்கானிக்கிட்ட விடு" என்றார். நான்தான் பையனுக்குப் பரிந்து பேசினேன்.

அதற்குக் காரணம் உண்டு. என் அப்பா வத்தலக்குண்டில் டாக்ஸி ஓட்டினவர். அம்பாசிடர் கார். கொடைக்கானல் மலை ஏறும்போது பாதி வழியில் ரேடியேட்டர் கொதிக்கும். வண்டியை ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஈரச்சாக்கைப் போட்டு மூடியைத் திறப்பார். "சூடா இருக்கையில தொட்டுறாத தாயி, மூஞ்சியில அடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே, கேனில் இருக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார். மிச்சத் தண்ணீரில் நாங்கள் முகம் கழுவுவோம். ரேடியேட்டர் என்றால் எனக்கு அந்தத் தண்ணீர்தான் ஞாபகம். அந்த ஞாபகம்தான் என்னை ஏமாற்றிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, வேலையை ஆரம்பித்தான். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதை நான் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தான். அடித்தகட்டைக் கழற்றினான். "அம்மா, தண்ணி பிடிக்க ஏதாச்சும் குடுங்க" என்றான். மாவு பிசைகிற பெரிய பேசினை எடுத்துக் கொடுத்தேன். அடிமூடியைத் திறந்ததும் பளபளவென்று பச்சையாகக் கொட்டியது. பேசின் பாதிக்கு மேல் நிறைந்தது. "அழகா இருக்கே, சர்பத் மாதிரி" என்று நானே சொன்னேன்.

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், இரண்டு ஃபேன்களின் ஒயர், மேலே பிடித்திருக்கும் பிராக்கெட்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய ரேடியேட்டரை வெளியே எடுத்தபோது மணி ஒன்று. புதியதில் ஃபேன் மாட்டும் ஓட்டைகள் கொஞ்சம் தள்ளி இருந்தன. அரத்தால் ராவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சோறு ஆறுது, சாப்பிட்டுட்டு ராவு" என்று நான் கூப்பிட்டேன். பேசினைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தான்.

அன்று என் ஓரகத்தி, இரண்டு வயதுப் பெண் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். குழந்தை உள்ளறையில் தூங்குகிறது என்று நினைத்திருந்தேன். இங்கே கார் ஷெட்டுக்குச் சமையலறையிலிருந்தே கதவு. ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், காலடியில் சத்தம். குழந்தை நிற்கிறாள். கையில் விளையாட்டுச் சொப்புக் கிண்ணம். அதில் பச்சைத் தண்ணீர். "பெம்மா, ஜூஸ்" என்று என்னிடம் நீட்டினாள். வாயோரம் ஈரம், சட்டையெல்லாம் ஈரம்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அது விஷம்! குடிச்சாளா?"

யாருக்குத் தெரியும்? எனக்குக் கை கால் ஓடவில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கலாம் என்று உப்பு டப்பாவைத் தேடினேன். அவன் அதற்குள் விஷ முறிவு ஆலோசனை நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டான். இந்த நாட்டில் அதற்கென்று எந்த நேரமும் பேசக்கூடிய இலவச எண் இருக்கிறது. எதிர்முனையில் பேசின அம்மாள் பதறவில்லை. குழந்தையின் வயது, எடை, எவ்வளவு நேரம் ஆயிற்று, என்ன கூலன்ட் என்று வரிசையாகக் கேட்டாள். வாயைத் துடைத்து விடுங்கள், வாந்தியெடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கூடவே கூடாது, குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாள். நான் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். வாயையும் சட்டையையும் நீல விளக்கு அடித்துப் பார்த்தார்கள். சில கூலன்ட்களில் ஒளிரும் சாயம் கலந்திருக்குமாம். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது என்றும் சொன்னார்கள். ரத்தத்தில் அமிலம் ஏறுகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாற்று மருந்து தயாராக இருந்தது.

அந்த ராத்திரி டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன். பெரும்பாலான கூலன்ட்களில் இருப்பது எதிலீன் கிளைக்கால் என்ற ரசாயனம். அது இனிக்கும். குழந்தையும் நாயும் ஆசையாக நக்கும். உள்ளே போனதும் முதலில் குடித்தவர்கள் மாதிரித் தள்ளாட்டம், வாந்தி, மயக்கம் வரும். சில மணி நேரம் ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். நம் கல்லீரல்தான் அதைக் கொடிய அமிலங்களாக மாற்றுகிறது. அடுத்து இதயத்தையும் சுவாசத்தையும் தாக்கும். ஓரிரண்டு நாளில் சிறுநீரகத்தில் நுண்ணிய படிகங்கள் படிந்து அது வேலை செய்யாமல் போகும். அந்த மாற்றம் நடக்குமுன் கல்லீரலைத் தடுத்து நிறுத்துவதுதான் மாற்று மருந்தின் வேலை. அதனால்தான் சீக்கிரம் போவது முக்கியம்.

அமெரிக்காவில் 2012-ல் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே முன்வந்து, கடையில் விற்கும் கூலன்டில் கசப்புப் பொருள் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கசப்பு தெரிவதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விடலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு வாயே அதிகம் என்றார் டாக்டர்.

ஓரகத்தி வேலையிலிருந்து நேராக ஓடி வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமலே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் பையன் வராந்தாவில் தலையைக் குனிந்து நின்றான். "அம்மா, நான்தான் மூடி வைக்காம வந்துட்டேன்" என்றான். "பேசினைக் குடுத்தது நான்டா. கூப்பிட்டதும் நான்" என்றேன். இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான்.

பகவான் புண்ணியத்தில் ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. குழந்தை குடிக்கவில்லை, விளையாடிச் சிந்தியிருக்கிறாள். மாற்று மருந்து கொடுக்கும்படி ஆகவில்லை. மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒரு வாரம் வண்டி ஸ்டாண்டின் மேலேயே நின்றது. பையன் அந்தப் பக்கமே போகவில்லை. இவர்தான் அடுத்த சனிக்கிழமை, "வா, நானும் வர்றேன்" என்று கூட்டிப் போனார். புது ரேடியேட்டரைக் கீழே ரப்பர் புஷ்ஷில் உட்கார வைத்து, மேலே பிராக்கெட்டை முடுக்கினார்கள். அலுமினியத்தில் மரை சீக்கிரம் போய்விடுமாம். அதனால் போல்ட்டை முரட்டுத்தனமாக முடுக்கவில்லை. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்கள். முன்பக்கத்தை உயர்த்தியே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, காற்றுக்குமிழி எல்லாம் வெளியேறும்வரை காத்திருந்தார்கள். அந்த நேரம் முழுக்க நான் ஷெட்டுக் கதவைத் தாழ் போட்டு, அதன்முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் சில வழக்கங்கள். சமையல் பாத்திரம், ஜூஸ் பாட்டில், டம்ளர் எதுவும் ஷெட்டுக்குப் போகாது. மூடி போட்ட வடிதட்டு வாங்கியிருக்கிறோம். வடித்த கூலன்ட் அப்போதே திருகுமூடிக் கேனுக்குப் போய், பெயர் எழுதி, மேல் அலமாரியில் ஏறும். சாக்கடையில் கொட்டுவதில்லை, பழைய கூலன்ட் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுகிறோம். தரையில் சிந்தியதை உடனே துடைத்து, துணியைக் கட்டி எறிகிறோம். கூலன்ட் டப்பாவின் லேபிளைக் கிழிப்பதில்லை. ஆபத்து வந்தால் டாக்டருக்கு முதலில் அதுதான் வேண்டும்.

நம் ஊரிலும் இன்று காருக்குக் கூலன்ட் ஊற்றாதவர்கள் குறைவு. மீதி டப்பா மாடிப்படி அடியிலோ பால்கனியிலோ இருக்கும். ஒருதரம் எழுந்து போய்ப் பாருங்கள். தப்பித்தவறிக் குழந்தை வாயில் பட்டுவிட்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

அந்தப் பேசினை நான் மறுபடி மாவு பிசைய எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா, சனிக்கிழமை எனக்கு டூட்டி. பாப்பாவை உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா?" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "கொண்டு வா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு முதல் காரியமாக ஷெட்டுக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன்.